விருந்தாய் வந்த குரல்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கித் தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, கோவளத்துக்குச் சற்று முன்னே அகன்றதொரு உப்பங்கழியைக் கடக்கும் இடத்தில் அமைந்த முட்டுக்காடு, இன்று படகுச் சவாரிக்காகவே பெரும்பாலோருக்குத் தெரிந்த ஊராக இருப்பினும், கலைகளின் சரித்திரத்தில் கருத்துள்ளவர்களுக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமான ஸ்தலமாகும். 1984-இல் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, டெபோரா தியாகராஜன் அம்மையாரின் விடாமுயற்சியாலும், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்டத்தாலும், இங்கே நிறுவி 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறந்து வைத்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் வீடும், திருநெல்வேலிச் சீமையின் அக்ரஹார வீடும், கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் வீடும், கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் ஒரே மணற்பரப்பில் அண்டை அயலாக நிற்கின்றன. அவற்றுட் பலவும் தத்தம் ஊரில் இடிபடும் தறுவாயில் விலைக்கு வாங்கப்பட்டு, தூணும் உத்தரமும் கதவும் பிரிக்கப்பட்டு, இங்கே கொணர்ந்து மீண்டும் பொருத்தப்பட்டவை. அவற்றைப் பார்வையிடும்போதெல்லாம் என் மனத்தைக் கவர்வது ஒரு சிறு விஷயம்: ஒவ்வொரு வீடும் இன்ன ஊரிலிருந்து, இன்னார் வாழ்ந்த வகையிலிருந்து வந்தது என்பதை வாயிலிலேயே அறிவித்துக்கொண்டு நிற்கிறது. அழைத்து வந்தவரின் கீர்த்தி, வந்த வீட்டின் பெயரை விழுங்கிவிடவில்லை.

கலைஞன் ஒருவன் பிறரைத் தன் அரங்குக்கு அழைத்துப் பாடவும் ஆடவும் செய்யும் வழக்கத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அந்த வழக்கம் இந்நாளில் மிகப் பிரசித்தமாக விளங்குவது ஹிப் ஹாப் என்னும் சங்கீதத்தில். பல ஆண்டு மௌனத்துக்குப் பின் மீண்டும் அவைக்கு வரும் இசைத் தயாரிப்பாளர் ஒருவர், பாட்டுக்குப் பாட்டு ஒரு விருந்தினரை அமர்த்தி, தம் ஆல்பத்தையே ஒரு பெரும் சபையாக ஆக்கிவிடுவது அங்கே ஏறத்தாழ ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அது முற்றிலும் அந்நியமான வழக்கம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று என்பதும், அந்த வழக்கத்துக்கு நம்மவர் ஒரு காலத்தில் வகுத்திருந்த தர்மத்தை நாம் மறந்திருக்கிறோம் என்பதும் என் துணிபு.

முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டிக் கோவளத்தையும் கடந்தால் வருவது திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அந்தத் திவ்ய தேசத்தையும், அதற்கும் தெற்கேயுள்ள கடல்மல்லையாகிய மாமல்லபுரத்தையும் பாடிய திருமங்கையாழ்வார், பதிகத்தின் இறுதிப் பாசுரத்தில் தம் பெயரையும் தம் நாட்டையும் பொறித்து வைப்பதை வழக்கமாகக் கொண்டவர். உள்நாட்டுப் பக்கமாக மேற்கே சென்றால் திருக்கழுக்குன்றம். மூவர் முதலிகள் பாடிய ஸ்தலம் அது. அவர்களுள் திருஞானசம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தையும் திருக்கடைக்காப்பு என்னும் முடிவுச் செய்யுளில் தம் நாமத்தோடு நிறைவு செய்ததை அறியாத தமிழர் அரியர். இதைத் தற்புகழ்ச்சி என்று கொள்வது பேதைமை. ஏட்டைக் காட்டிலும் வாயையே நம்பி ஊர் ஊராகச் சென்ற பாட்டு அது. பாடியவன் ஒருவனாகவும் பின்னர் அதை எடுத்துப் பாடுபவர் ஆயிரவராகவும் இருந்த காலத்தில், பெயரைப் பாட்டின் உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால் ஒழிய அது வழியிலேயே உதிர்ந்து போகும் என்று அந்தப் பெரியோர் உணர்ந்திருக்க வேண்டும். நியூயார்க்கின் தெருக்களில் பிறந்த ராப் பாடகன் தன் அடிகளுக்கு நடுவே தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்வதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், கலியனாகிய திருமங்கையாழ்வாரின் இறுதிப் பாசுரத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தெருவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற இலக்கமுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கையின் விருந்துக்காக இசைத்தட்டுகளைச் சுழற்றிய இரவையே ஹிப் ஹாப்பின் ஜன்ம தினமாகக் கொண்டாடுகிறார்கள். முதலில் தட்டைச் சுழற்றுபவருக்கே முதன்மை; நாளடைவில், தாளத்தைக் கட்டி, பழைய தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்துக் கோத்து, இன்ன இடத்தில் இன்னாருடைய குரல் என்று நிர்ணயிக்கும் தயாரிப்பாளர் ஒருவர் உருவானார். 1988-இல் மார்லி மார்ல் என்பவர், பாடுவோர் அனைவரும் பிறராக இருக்கத் தம் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டது இதற்கு ஆரம்ப கால உதாரணம். டாக்டர் டிரே 1992-இல் வெளியிட்ட 'தி க்ரானிக்' அதற்குமுன் அதிகம் அறியப்படாத ஸ்னூப் டாக்கை உலகறியச் செய்தது. பின்னர் டிரே தம் பழைய நிறுவனத்தைத் துறந்து புதிதாகத் தொடங்கி, 1996-இல் வெளியிட்ட தொகுப்பு எதிர்பார்த்த ஆதரவைப் பெறாமற் போகவே, அவருடைய காலம் முடிந்தது என்று பலரும் பேசத் தொடங்கினர். அந்தப் பேச்சுக்குப் பதிலாக 1999 நவம்பரில் வெளிவந்த '2001' என்ற ஆல்பத்தில் ஸ்னூப் டாக், எமினெம், எக்ஸிபிட், குரப்ட், ஹிட்மேன், நேட் டாக், மேரி ஜே. பிளைஜ் என்று வந்து சென்ற விருந்தினரின் வரிசை நீண்டது. அதற்கும் 16 ஆண்டுகள் கழித்து, 2015-இல் 'காம்ப்டன்' என்று தம் ஊர்ப் பெயரையே சூட்டி அவர் வெளியிட்ட ஆல்பமும் அப்படித்தான். கென்ட்ரிக் லமார், ஆண்டர்சன் பாக் முதலிய இளையவர்களின் குரல்களால் நிரம்பியது அது. திரும்பி வருபவன் தனியே வருவதில்லை. தன் காலத்தவரையும் தனக்குப் பின் வந்தவரையும் சாட்சிகளாக உடன் அழைத்துக்கொண்டு வருகிறான்.

இவ்வளவையும் படிக்கும் தமிழன் தன் பாட்டனார் காலத்து ஸ்பெஷல் நாடகத்தை நினைக்காமல் இருக்க முடியுமா? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களின் பாட்டும் வசனமும் தென்னாட்டு நடிகர் அனைவருக்கும் பொதுச் சொத்தாகப் பரவிய பின், ஒரே கம்பெனியில் கட்டுண்டு மாதச் சம்பளத்துக்கு உழைக்காமல், ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியே பேசி வரவழைக்கப்படும் நடிகர்கள் ஒரு வகுப்பாகவே உருவானார்கள். முருகனாக வேஷம் தரிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வள்ளியாக வருபவர் மற்றோர் ஊரிலிருந்தும், நாரதர் வேறு திசையிலிருந்தும், ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பபூனும் தத்தம் வழியிலும் அந்திப் பொழுதில் வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பது கிடையாது. திரை தூக்கியதும், பல மாதம் சேர்ந்து பழகியவர்களைப் போலத் தர்க்கம் தொடங்கிவிடும். நாரதர் ஒரு கேள்வியை வீசுவார், வள்ளி அதைப் பாட்டாலேயே மடக்குவாள், எவர் எவரை மடக்கினார் என்பதைக் கேட்பதற்கென்றே பொழுது விடியும்வரை ஜனங்கள் மண்தரையில் அமர்ந்திருப்பார்கள். இன்று இரண்டு ராப் பாடகர்கள் ஒரே தாளத்தின்மேல் மாறி மாறி அடிகளைத் தொடுத்து ஒருவரையொருவர் விஞ்சப் பார்ப்பதில் உள்ள ரசம், அந்த வள்ளி–நாரதர் தர்க்கத்தில் இருந்த அதே ரசம்தான்.

அந்த நாடகத்துக்கு ஒரு நோட்டீஸ் உண்டு. ஊரிலுள்ள சுவர்களில் ஒட்டப்பட்ட அதில், ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஹார்மோனியம் இன்னார் என்று ஒவ்வொருவர் பெயரும் அவரவர் ஊர்ப் பெயரோடும் அச்சாகியிருக்கும். பிற்காலத்தில் படமும் சேர்ந்தது. யாருடைய பெயர் எத்தனை பெரிய எழுத்தில் என்பதைப் பற்றி மனஸ்தாபங்கள் நிகழாமல் இல்லை. ஆயினும் பெயரே இல்லாமல் ஒருவர் மேடையேறிப் பாடிவிட்டுப் போவதென்பது அந்த உலகத்தில் கற்பனைக்கும் எட்டாதது; ஏனெனில் அடுத்த ஊர்க்காரர் அவரை அழைப்பதே இந்த ஊர் நோட்டீஸைப் பார்த்துத்தான். ஆகவே அந்தக் காகிதம் அவர்களுக்கு வெறும் விளம்பரமாக இருக்கவில்லை. ஜீவனமே அதுவாக இருந்தது.

அம்மேடையின் மகோன்னதமான ஜோடியாகிய எஸ். ஜி. கிட்டப்பா – கே. பி. சுந்தராம்பாள் இருவருள், கிட்டப்பா 1933-இல் தமது 27-ஆம் வயதிலேயே மறைந்தபோது, சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்து மேடையைத் துறந்தார். அவரை மீண்டும் ரசிகர் முன் கொண்டு வந்தது 1935-இல் வெளியான 'பக்த நந்தனார்' திரைப்படம். லட்ச ரூபாய் ஊதியம் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்ட செய்தி. அவர் நந்தனாராக வேஷமிட, எதிரே வேதியராக நடிக்க அழைக்கப்பட்டவர் கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். துக்கத்திலிருந்து மீளும் ஒரு பெருங்கலைஞரின் அருகே, வேறொரு துறையின் பெருங்கலைஞர் விருந்தினராக வந்து நின்ற அந்த நிகழ்ச்சி, எந்நாட்டு ஆல்பத்துக்கும் குறைந்ததன்று.

மேடையை விட்டுக் குரல் யந்திரத்துக்குள் புகுந்த காலத்தில்தான் பெயருக்கு ஆபத்து வந்தது. ஆரம்பத்தில் யந்திரமே பெயரைக் கேட்டது என்பது வியப்பான உண்மை. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூவி அறிவிப்பதைக் கேட்கலாம். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்கிருந்த தொழிலாளர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று அறிவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பின்னர் உறையும் லேபிளும் வந்தன. நாடகங்களையே பல தட்டுகளில் பதிவுசெய்து 'நாடக செட்' என்று விற்ற நாளில் நடிகர்களின் பெயர்கள் லேபிளில் இருந்தன. 1938 ஜூன் 16 அன்று சென்னையில் தொடங்கிய வானொலி நிலையம், கச்சேரிக்கு முன்னும் பின்னும் பாடுபவர் பெயரோடு வயலின், மிருதங்கம், கடம், தம்புரா வாசிப்போர் வரை அனைவர் பெயரையும் நிதானமாக அறிவிக்கும் நல்லொழுக்கத்தைக் கைக்கொண்டது. நமது வானொலியின் சிறப்புகளில் இதையே முதலாவதாக நான் எண்ணுகிறேன். ஆனால் சினிமாவில் பின்னணி பாடும் வழக்கம் வந்தபோது குரலும் பெயரும் பிரிந்தன. 1949-இல் வெளியான 'மஹல்' என்னும் ஹிந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு, முதலில் இசைத்தட்டாக வந்தபோது அதன்மேல் பாடியவர் பெயராக இருந்தது படத்தின் கதாபாத்திரமாகிய காமினியின் பெயர். பாடியவரோ லதா மங்கேஷ்கர். லதாவுக்கே இந்தக் கதி என்றால், கோரஸில் நின்று பாடியவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

தமிழ்ச் சினிமா ராப்பைத் தழுவிக்கொண்ட நாளில் நடந்தது ஓரளவு ஆறுதல் தருவது. 1994-இல் வந்த 'காதலன்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த 'பேட்ட ராப்' பாட்டில், சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது ஆகியோரோடு தேனி குஞ்சரம்மாள் என்னும் கிராமியப் பாடகியின் குரலும் ஒலித்தது. நகரத்துத் தெருப்பேச்சின் வேகத்துக்கு நடுவே அந்த அம்மையாரின் மண்வாசனை வீசும் குரல் எழும்போதுதான் பாட்டுக்கு முழு உயிர் வருகிறது. அவர் பெயர் ஒலிநாடாவின் உறையில் இருந்தது. இன்றும் அப்பாட்டைச் சொல்பவர்கள் அவர் பெயரைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

தனியாக நின்ற தமிழ் ஹிப் ஹாப் பிறந்தது தமிழ்நாட்டில் அன்று, மலேசியாவில். 1998-இல் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் மொழிகளில் பாடி ஆல்பம் வெளியிட்ட பொயட்டிக் அம்மோ குழுவில் ஒருவராக இருந்த யோகி பி, அக்குழுவுக்குப் பின், 2006-இல் 'வல்லவன்' என்ற தமிழ் ஆல்பத்தோடு மீண்டு வந்தார். உறையின்மேல் தம் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளாமல், உடன் பாடிய டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரையும் சேர்த்து 'யோகி பி – நட்சத்ரா' என்றே அதை வெளியிட்டார். 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா அமைத்த பாட்டொன்றை எடுத்து அதில் அவர்கள் புதுக்கியது, மூத்த தலைமுறையையே விருந்துக்கு அழைத்ததற்கு ஒப்பாகும். அடுத்த ஆண்டே பாடகி மாயா அருள்பிரகாசம் தம் 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி வாசிப்போரை வைத்து ஒலிப்பதிவு செய்தார். அந்த உறுமியின் அதிர்வை உலகம் கேட்டது, அதை வாசித்தவர்களின் பெயரை உலகம் கேட்டுக்கொள்ளவில்லை. ஹிப் ஹாப் தமிழா என்று பெயர் பூண்ட ஆதியும் ஜீவாவும் 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தால் இங்கே பெருங்கூட்டத்தைத் திரட்டி, சினிமாவுக்குச் சென்று, 2020-இல் 'நான் ஒரு ஏலியன்' மூலம் தனி ஆல்பத்துக்குத் திரும்பினர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நிகழ்த்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டியது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நின்ற அந்தக் குழுவில் 19 பேர். அயோத்திதாச பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தைப் பெயராகக் கொண்ட அக்குழுவில் யாரும் விருந்தாளி இல்லை, எல்லோரும் வீட்டுக்காரர்.

அக்குழுவிலிருந்து எழுந்தவர்தான் அறிவு. 2021 மார்ச்சில், சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில், தீ என்னும் பாடகியின் பெயரை முன்னிட்டு, அறிவை உடன்பாடியவராகக் குறித்து வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதன் கருவாக இருந்தது அறிவின் பாட்டியாகிய வள்ளியம்மாளின் வாழ்க்கை: இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, தாயகம் திரும்பி, உழுத நிலம் ஒருநாளும் தமதாகாமல் வாழ்ந்த எண்ணற்றவர்களின் வாழ்க்கை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது என்பதை நினைவிற் கொண்டு கேட்டால்தான் அப்பாட்டின் துடிப்பு விளங்கும். 2021 ஆகஸ்டில், ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, வரிகளை எழுதிய அறிவு அதில் இல்லாததைக் கண்டு பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு பத்திரிகை அறிவுக்கென்று தனியே ஒரு மின்னட்டை வெளியிட்டது.

மறு ஆண்டு விவகாரம் இந்தக் கடற்கரைக்கே வந்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். பாட்டை அமைத்தது, எழுதியது, பாடியது தாமே என்று அவர் வருத்தத்தோடு எழுத, இசையமைத்துத் தயாரித்தது தாம் என்றும், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமபாகம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் கூறினார்; அறிவின் பெயரை ஒவ்வொரு மேடையிலும் தாம் சொல்லி வந்திருப்பதாகத் தீ தெரிவித்தார். அவர்களுக்குள் நடந்தவற்றுக்குத் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் ஒரு பாட்டின் சொல்லும் அதன் பின்னுள்ள வம்சக் கதையும் யாருடையவையோ, அவருடைய பெயர் உபசாரமாகச் சேர்க்கப்படும் துணைக்குறிப்பாக இருக்கலாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாட்டனார் காலத்து நோட்டீஸ் அச்சிட்டவருக்கு இது தெரிந்திருந்தது.

அந்த ஒலிம்பியாடின் ஆட்டங்கள் நடந்த இடம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி. அவ்வூரில் நொண்டி வீரப்பன் தொட்டில் என்று வழங்கும் பாறை ஒன்று இருக்கிறது. அதில் பல்லவர் காலத்து எழுத்தில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கடல்மல்லையின் கற்றளிகளிலும் ரதங்களிலும் உழைத்த சிற்பிகளின் பெயர்கள் இவை என்று அறிஞர் கருதுகின்றனர். கோயில்களில் மன்னர்களின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்க, அவற்றைச் செதுக்கிய கைகளுக்குரியவர்கள், வேலைத்தலத்துக்குச் சற்று எட்டி நின்ற ஒரு பாறையில் தம் பெயரைத் தாமே வெட்டிக்கொண்டார்கள். மாமல்லபுரம் காண வரும் ஆயிரக்கணக்கானோரில் பூஞ்சேரிப் பாறையைத் தேடிச் செல்பவர் மிகச் சிலரே. பள்ளிப் பிள்ளைகளை அர்ஜுனன் தபசுக்கு அழைத்து வரும் ஆசிரியர்கள், அந்தப் பாறைக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று அப்பெயர்களை உரக்கப் படிக்கச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

2024-இல் அறிவு தம் சொந்த ஆல்பத்தை வெளியிட்டார். மற்றொருவர் பெயரை முன்னிட்ட பாட்டுக்குள் கதையாக நுழைந்து, காணொளியில் ஒரு முகமாகத் தோன்றிய தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியான அந்தப் பாட்டியின் பெயரே அதன் தலைப்பில் இருக்கிறது: 'வள்ளியம்மா பேராண்டி'.